வேறொரு வெள்ளை

முதலில் வேப்பிலைக் காப்பு. ஈர்க்கோடு வளைத்துக் கட்டிய வேப்பங்கொழுந்து, அதற்குச் சத்தம் கிடையாது, இரண்டு கைக்கும் இது மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் இந்த ஏழாம் மாத வயிற்றோடு எழுந்து நின்று அவர்களைக் கும்பிடுவேன். யாரும் சொல்லப்போவதில்லை. தாம்பாளத்தில் கண்ணாடி வளையல்கள் பச்சையும் சிவப்புமாகக் காத்துக் கிடக்கின்றன. அவிநாசியில் இந்தச் சின்ன மண்டபத்தின் மேடையில் ஒரு சிங்கார நாற்காலி, நாற்காலியில் நான், எதிரே இரண்டு வீட்டுச் சனமும். காப்பைக் கட்டியது நங்கை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரரின் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம், பெயர் சாரதாமணி, முதல் காப்பு கட்டும் உரிமை அவருடையது. கட்டிவிட்டு என் தாடையைத் தொட்டு முத்தம் வைத்துக்கொண்டு, "நல்லபடியாப் பெத்துப் பொழைக்கோணும் அம்மிணி" என்றார். கண் கலங்கியிருந்தது, பொய்க் கலக்கம் இல்லை, அது எனக்குத் தெரியும். வீடியோக்காரர் "அக்கா, கொஞ்சம் சிரிங்க்கா" என்கிறார். சிரிக்கிறேன். சிரிப்பு எனக்கு நன்றாக வரும், கண்ணாடி முன் நின்று பழகியது. உதட்டை இழுத்து, கண்ணோரத்தைக் கொஞ்சம் சுருக்கி, எதிராளியின் புருவத்துக்கு நடுவே பார்த்தால் போதும், கண்ணைப் பார்க்கிறேன் என்றே நினைத்துக்கொள்வார்கள். இத்தனை வருடத்தில் ஒருவர்கூடக் கண்டுபிடித்ததில்லை. கன்னத்தில் சந்தனம் காய்ந்து தோலை இழுக்கிறது. துடைக்கக் கூடாதாம்.

அடுத்தது கண்ணாடி. என் பெரியம்மா வருகிறார், வளையலைக் கையில் ஏற்றுகிறார், விரல் முட்டியில் மாட்டிக்கொண்டு வலிக்கிறது, வலி பரவாயில்லை, வலி ஒரே இடத்தில் இருக்கும். சத்தம்தான் உடம்பு முழுக்க ஓடுகிறது. கண்ணாடியோடு கண்ணாடி உரசும்போது அது காதில் நிற்பதில்லை, பல்லில் ஏறுகிறது, பல்லிலிருந்து தோள்பட்டைக்கு இறங்குகிறது. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அம்மாவின் வளையல் சத்தம் கேட்கவேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும் என்கிறார்கள். பிள்ளையை யாரும் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் நாதஸ்வரம் வேறு, பாதிப் பாட்டில் ரிக்கார்டு விக்கி மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது, பன்னீர்ச் செம்பின் வாசனை, யாருடைய பட்டுப்புடவையிலோ பூச்சி உருண்டை வாசனை. இதெல்லாம் எனக்குப் பிறந்ததிலிருந்து உள்ளதுதான், கல்யாணத்தன்று இதைவிடப் பெரிய கூட்டத்தில் இதைவிட அதிக நேரம் உட்கார்ந்தவள் நான், ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஆனால் இந்த வாரம் என்ன ஆயிற்று. தலையைத் திருப்பினால் உள்ளே கரண்ட் அடிப்பது போல ஒரு வெட்டு, கண் ஒரு பக்கம் போனால் மண்டை ஒரு நொடி கழித்து வருகிறது. நேற்று ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் தாங்காமல் அதை அணைத்துப்போட்டேன், பால் திரிந்து மாமியார் திட்டினார். முந்தாநாள் ஆபீஸில் காரணமே இல்லாமல் அழுகை. ஏழாம் மாதம் என்றால் அப்படித்தான் என்கிறாள் அம்மா. தூக்கம் சரியில்லை என்கிறார் வீட்டுக்காரர் நவநீதன். இருக்கலாம். வெயிலும் இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம். மாத்திரை. காலையில் போட்ட இன்னொரு மாத்திரையில் ஏதோ ஒன்று இருந்தது. என்ன இருந்தது? ஒன்றும் இல்லை, மாத்திரை வெள்ளையாக இருந்தது, மாத்திரை வெள்ளையாகத்தான் இருக்கும், விடு. பெரியம்மா நெல்லும் பூவும் தலையில் போட்டுவிட்டு இறங்குகிறார்.

"அட, கோகிலா எப்படிக் களையா இருக்கா பாருங்க" என்று கீழே யாரோ. கோகிலவாணி என்று எனக்குப் பெயர் வைத்தார்கள், பேச்சு வந்ததே நாலு வயதில். வந்த பிறகு நிற்கவில்லை, பிடித்த விஷயத்தை யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் அவர்கள் பஸ் பிடிக்கப் போகும்வரை விடமாட்டேன். எங்கள் ஊரில் இதற்கு வைத்திருந்த பெயர் "புள்ள ஒரு மாதிரி". அந்த ஒரு மாதிரிக்காக அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஏறாத கோயில் இல்லை, மந்திரித்த கயிறு, நாக்கில் வசம்பு, பள்ளிக்கூடத்தில் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் உட்கார்ந்ததற்கு டீச்சர் கொடுத்த அடி. யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் காதை ஏன் பொத்துகிறாய் என்று ஒரே ஒரு ஆள் கேட்டிருக்கலாம். பிறகு படித்தேன், திருப்பூரில் சாயப்பட்டறை லேபில் ஷேட் பார்க்கும் வேலை. வெளிநாட்டுக்காரன் அனுப்பும் துணித்துண்டின் நிறமும் எங்கள் துணியின் நிறமும் ஒன்றா இல்லையா என்று சொல்லவேண்டும். மெஷின் சொல்லும், ஆனால் கடைசியில் என் கண்ணிடம்தான் கொண்டுவருவார்கள். வெள்ளையில் மட்டும் எத்தனை வெள்ளை இருக்கிறது, நீல வெள்ளை, பால் வெள்ளை, நீலம் போட்டு அலசிய வேட்டி வெள்ளை. அங்கே என்னை யாரும் ஒரு மாதிரி என்று சொல்வதில்லை, மேடம் என்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன்பு மனசு அடியோடு விழுந்து, எழுந்து பல் தேய்க்க முடியாமல் போனபோது கோயமுத்தூரில் டாக்டர் பர்வீனிடம் போனேன். அவர்தான் இரண்டு பெயர் சொன்னார். விழுந்தது மன அழுத்தம், அதற்கு மாத்திரை உண்டு. விழுவதற்கு முன்பிருந்தே நான் இருக்கும் விதத்துக்குப் பெயர் ஆட்டிசம், அதற்கு மாத்திரை தேவையில்லை, அது நோய்ச் சீட்டில் அடங்குவதல்ல, உங்கள் அமைப்பே அப்படி என்றார். அன்று பஸ்ஸில் வரும்போது சிரித்துக்கொண்டே வந்தேன், பழகாத சிரிப்பு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

பெயர் கிடைத்தால் நான் சும்மா இருப்பவளா. படித்தேன். கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன், புரியாததை அகராதி வைத்துப் படித்தேன். அதில் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் பெயர் செரோட்டோனின். அறுபது வருடத்துக்கு மேலாக அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் நாலில் ஒருவருக்கு, சில ஆய்வில் மூன்றில் ஒருவருக்கு, ரத்தத்தில் அது கூடுதலாக இருக்கிறதாம். மீதிப் பேருக்கு இல்லையாம். இருந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டால் முழுசாகச் சொல்ல ஆளில்லை. ஏனென்றால் உடம்பில் உள்ள செரோட்டோனினில் பெரும்பங்கு குடலில் ஊறுவது, ரத்தத்தில் தட்டணுக்கள் அதை உறிஞ்சிச் சுமந்துகொண்டு சுற்றுகின்றன, மூளைக்குள் அதற்கு அனுமதி இல்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. எங்கள் தொழிலில் சொன்னால், தொட்டித் தண்ணீரைப் பார்த்துத் துணியின் ஷேடைச் சொல்ல முடியாது. மூளையில் அது என்னவெல்லாம் செய்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தூக்கம், மனநிலை, காதும் தோலும் கொண்டுவந்து கொட்டுவதில் எதை உள்ளே விடுவது என்பது, எல்லாவற்றிலும் அதற்கு ஒரு பங்கு. அதைவிட, கருவில் மூளை கட்டப்படும்போதே அது வந்துவிடுகிறது, செய்தி சொல்ல அல்ல, வழி சொல்ல, இந்த நரம்பு இங்கே போ, அந்த நரம்பு அங்கே கிளை விடு என்று. எலிகளில் பார்த்திருக்கிறார்கள், ஆரம்பத்தில் அதில் கொஞ்சம் நஞ்சுக்கொடியே செய்து கொடுக்கிறதாம். இப்போது இந்த நிமிடத்தில், இந்த நாதஸ்வரத்துக்கும் பன்னீருக்கும் நடுவில், எனக்குள் ஒருவருக்கு யாரும் கைகாட்டாமல் ரோடு போடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு மயிர் சிலிர்க்கிறது. ஆனால் படித்த ஒவ்வொரு பக்கத்திலும் கோளாறு, குறை, பிசகு என்றே எழுதியிருந்தார்கள். எங்கே உடைந்தது என்று தேடுகிறார்கள். தேடட்டும், தேடவேண்டியதுதான், தெரிந்துகொள்வதில் எனக்குக் கோபம் கிடையாது. பேச்சே வராத, தூக்கமே வராத பிள்ளைகள் இருக்கிறார்கள், தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வழி பிறந்தால் நான் முதல் ஆளாகச் சந்தோஷப்படுவேன். ஆனால் என்னை உடைந்த சாமான் என்று சொல்லிவிட்டு அதற்கு ரத்தத்தைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். என் ரத்தம் உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை.

"கோகிலா, கையை நீட்டு சாமி, கனவு காங்கற?" நவநீதனின் சித்தி. நீட்டுகிறேன். வளையல் ஏறுகிறது. சிரிக்கிறேன். தலைக்குள் ஒரு வெட்டு. என் மாத்திரையும் இந்தச் செரோட்டோனின் சமாசாரம்தான். நரம்பு செல் அதை வெளியே விட்டுவிட்டுத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், மாத்திரை போய் அந்த உறிஞ்சும் வாயை மூடிவைக்கும், வெளியே கொஞ்சம் அதிகமாக நிற்கும், அவ்வளவுதான். என்னை அது வேறொருத்தியாக்கவில்லை, எழுந்து பல் தேய்க்க வைத்தது. கரு தங்கியது தெரிந்த வாரம் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாசமா இருக்கறப்ப மாத்திரை மருந்தெல்லாம் எதுக்குங் கண்ணு, கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்க" என்றார். கடித்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் ஒரு காலை பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை, தண்ணீர் நிரம்பி வெளியே வந்த பிறகுதான் நவநீதன் கதவை உடைத்தார். எதற்கு உட்கார்ந்தேன், அங்கேயே இருந்துவிடலாம் என்று ஏன் தோன்றியது, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது, அந்தத் தரைக்கு மறுபடி போய்விடுவேனோ என்பதைத் தவிர எனக்கு வேறு எதற்கும் இவ்வளவு பயம் இல்லை, பிரசவத்துக்குக்கூட இல்லை. டாக்டர் பர்வீன் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "மாத்திரையில ஆபத்தே இல்லன்னு நான் சொல்லமாட்டேன். சின்னதா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனா மாத்திரை இல்லாம இவங்களுக்கு என்ன ஆகும்னு பாத்துட்டோம். அது அம்மாவுக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து." மாத்திரை திரும்ப வந்தது. நானும் திரும்ப வந்தேன். நவநீதன் நல்லவர், வாய்தான் நிற்காது, அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், மாத்திரை, பாத்ரூம், ஆட்டிசம், எல்லாம்.

நங்கை பார்மஸி படித்தவர், சேவூர் ரோட்டில் சொந்தமாக மருந்துக்கடை, மருந்து விஷயத்தில் இரண்டு குடும்பத்துக்கும் அவர் வாக்கே வேதம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போனை நீட்டினார். "இதைப் படி அம்மிணி. நீயுந்தான் படிக்கறவளாச்சே. மாசமா இருக்கறப்ப இந்த மாத்திரை சாப்பிட்டவங்களுக்குப் பொறந்த கொழந்தைகள்ல அது நெம்ப இருக்குதாம்." ஆட்டிசம் என்ற சொல்லை அவர் சொல்லமாட்டார், அது என்பார், வாசற்படியில் நிற்கும் ஏதோ ஒன்றைப் போல. படித்தேன். நான் ஏற்கெனவே படித்திருந்த ஆய்வுதான், அவர் பொய் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளையும் படித்திருந்தேன். மாத்திரை சாப்பிட்ட அம்மாக்களை, அதே மன அழுத்தம் இருந்தும் மாத்திரை சாப்பிடாத அம்மாக்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரே அம்மா ஒரு பிள்ளைக்கு மாத்திரை சாப்பிட்டு இன்னொரு பிள்ளைக்குச் சாப்பிடாமல் இருந்ததையும் பார்த்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துபோகிறது. இதையெல்லாம் சொன்னேன், எனக்குத்தான் நிறுத்தத் தெரியாதே, ரசம் ஆறும்வரை சொன்னேன். நங்கை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எதுக்கு அம்மிணி ரிஸ்க்கு" என்றார். அவரிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இந்தப் பிள்ளை என்னைப் போலப் பிறந்தால் அதற்குப் பெரிய காரணம் மாத்திரையாக இருக்காது நங்கை, நானாகத்தான் இருக்கும். வழிவழியாக வருவது. மாத்திரையை நிறுத்தலாம், என்னை எப்படி நிறுத்துவீர்கள்? சொல்லியிருக்க வேண்டும், ரசத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். அடுத்த வாரமே நங்கை ஒரு டப்பாவோடு வந்தார், ஒவ்வொரு நாளுக்கும் காலை, மதியம், இரவு என்று தனித்தனி அறை வைத்த டப்பா. "கர்ப்பவதிக்கு மறதி வரும். இனி ஞாயித்துக்கெழமையானா நானே வந்து நெரப்பிக் குடுத்தர்றேன், நீ எடுத்துப் போட்டுக்கிட்டாப் போதும்." எனக்கு எவ்வளவு சந்தோஷம். அறை அறையாக, வரிசையாக, எது எப்போது என்று யோசிக்கவே வேண்டாம், என் மனசுக்குப் பிடித்த ஒரு பொருளை எனக்காக யோசித்து ஒருவர் வாங்கி வந்தது அதுதான் முதல்முறை. நங்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நானாக ஒருவரைக் கட்டிப்பிடிப்பது லேசில் நடக்காது. இரும்பு, கால்சியம், போலிக் ஆசிட், இரவு அறையில் என் மாத்திரை.

இரவு அறையில். ராத்திரி படுக்கும்முன் ஜீரோ வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில் எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது வழக்கம், பார்ப்பதில்லை. நேற்று ராத்திரி தலைக்குள் வெட்டுவது தாங்காமல் சீக்கிரமே தூங்கிப்போனேன், மாத்திரை டப்பாவிலேயே நின்றுவிட்டது, இன்று காலை எண்ணெய் வைக்க உட்காருமுன் கொல்லைப்புறத்து வெயிலில் நின்று போட்டேன். அங்கே, உள்ளங்கையில். அந்த வெள்ளை. வளையல், சந்தனம், நெல், பூ, யாரோ வந்து யாரோ போகிறார்கள், நான் சிரித்துக்கொண்டே உள்ளங்கையைப் பார்க்கிறேன், அதில் மருதாணிதான் இருக்கிறது, மாத்திரை இல்லை. ஆனால் தெரிகிறது. லேபில் பெட்டிக்குள் விளக்கை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்போம், கடை விளக்கில் அண்ணன் தம்பியாகத் தெரியும் இரண்டு துணி பகல் வெளிச்சத்தில் யாரோ எவரோ ஆகிவிடும். அதைப் பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். என் மாத்திரை பால் வெள்ளை, எத்தனை மாதமாக அட்டையிலிருந்து நானே பிதுக்கிப் போட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா. காலையில் கையில் இருந்தது நீல வெள்ளை. அது என் மாத்திரை இல்லை. அது என் மாத்திரை இல்லை. கம்பெனி மாறியிருக்கும், கடையில் வேறு கம்பெனிச் சரக்கு வந்திருக்கும், அப்படியும் நடப்பதுதான். அப்படியானால் நங்கை சொல்லியிருப்பார், கம்பெனி மாறினால் சொல்லிவிட்டுத் தருவதுதான் அவர் பழக்கம். கரண்ட் எப்போது அடிக்க ஆரம்பித்தது? செவ்வாயா புதனா. டப்பா நிரம்பியது ஞாயிறு. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தலைக்குள் மின்னல் வெட்டும் என்று டாக்டர் முதல் நாளே சொன்னார், போன தடவை நிறுத்தியபோது வெட்டியதும் இதே வெட்டுத்தான். எனக்கு ஒன்றும் ஒத்துக்கொள்ளாமல் போகவில்லை. வெயில் இல்லை, ஏழாம் மாதம் இல்லை. எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்காமல் என் மருந்தை எடுத்துவிட்டு, எனக்குப் பிடித்த டப்பாவிலேயே வேறு எதையோ வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பாத்ரூம் தரையின் ஈரம் காலுக்கடியில் வந்து நிற்கிறது. நவநீதனைத் தேடுகிறேன், பந்தி இலை விவகாரத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறார். அவருக்கும் தெரியுமோ. தெரிந்திருந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆரத்திக்காக ஸ்பீக்கரை அணைத்தார்கள். அப்பாடா என்றிருந்தது. நங்கை ஆரத்தித் தட்டோடு மேடையேறி, என் முகத்தைப் பார்த்துக் குனிந்து, "களைப்பா இருக்குதா அம்மிணி? கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்க, நான் இருக்கறேன்ல்ல" என்றார். கொஞ்ச நாளைக்கு. எத்தனை நாள் இருக்கும் என்பது மாத்திரையை நிறுத்தியவருக்குத்தான் தெரியும், அந்தச் சொல்லில் எல்லாம் உறுதியாயிற்று. புருவத்துக்கு நடுவே பார்க்கவில்லை, கண்ணையே பார்த்தேன், எரிந்தது, பார்த்தேன்.

"நங்கை, இந்த வாரம் டப்பாவுல ராத்திரிக்கு என்ன மாத்திரை வெச்சீங்க?"

"எப்பவும் வெக்கறதுதான். இப்ப எதுக்கு அது, தட்டு கையில இருக்குது."

"எப்பவும் போடறது இல்லீங்க அது. வெள்ளை வேற."

என் குரல் எப்போதும் தேவைக்கு மேல் கொஞ்சம் பெரியது, சின்ன வயதிலிருந்து அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன், இன்று அது மண்டபத்தின் கடைசி வரிசை வரை போனது. மாமியார் முன்வரிசையிலிருந்து எழுந்தார். "என்ன கண்ணு, நல்ல காரியத்துல மாத்திரை கீத்திரைன்னுட்டு." நங்கை சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சத்து மாத்திரைதான் வெச்சேன்" என்றார். "உனக்குக் கெடுதல் பண்ணுவனா நானு? வயித்துல இருக்கறதுக்காகத்தான். அதுவும் உன்னையாட்டவே ஆயிரக்கூடாதுன்னுதான் அம்மிணி." சொல்லிவிட்டார். இத்தனை மாதமாக அது அது என்று சுற்றி வந்தவர் கடைசியில் நேராக என்னிடமே வந்துவிட்டார். மண்டபத்தில் ஒரு வளையல்கூடச் சத்தம் போடவில்லை. எனக்கு வலித்தது, ரொம்ப வலித்தது, அதே நேரம் வலி ஒரே இடத்தில் இருந்ததால் தலை தெளிந்துவிட்டது. என்னையாட்டம் என்றால் என்ன நங்கை? பொய்யாகச் சிரிக்கப் பழகியவளாட்டமா? ஒரு வெள்ளைக்கும் இன்னொரு வெள்ளைக்கும் வித்தியாசம் தெரிந்தவளாட்டமா? நம்பினால் முழுசாக நம்பி டப்பாவைத் திறந்து பார்க்காமல் விழுங்குகிறவளாட்டமா? இதெல்லாம் வாய்க்குள்ளேயே இருந்தது. வெளியே வந்தது வேறு.

"மாமா, வண்டிய எடுங்க" என்றேன். நவநீதன் பந்திப் பக்கமிருந்து ஓடி வந்தார். "டாக்டரம்மாவுக்கு போனைப் போட்டு, அஞ்சாறு நாளா உட்டுப்போச்சு, இனி எப்படி ஆரம்பிக்கறதுன்னு கேக்கோணும். அப்பறம் மாத்திரை வாங்கோணும்."

அவர் அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பழக்க தோஷத்தில், "அக்கா கடையிலயே இருக்குமே" என்றார்.

"வேற கடைக்குங்க."

அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது. காது சிவந்துவிட்டது, பொய் சொன்னால் வெளிறும், கோபம் வந்தால்தான் சிவக்கும், அவருக்குத் தெரியாது என்பதற்கு எனக்கு அது போதும். "என்னக்கா பண்ணி வெச்சிருக்கற" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாவியை எடுக்கப் போனார். நான் எழுந்தேன். ஆரத்தி எடுக்காமல் எழக் கூடாது என்று நாலு பேர் கை நீட்டினார்கள். "எடுங்க அத்தை, நின்னுக்கறேன்" என்றேன். மாமியார் மகள் கையிலிருந்த தட்டை வாங்கி, எனக்கு மூன்று சுற்றுச் சுற்றி நெற்றியில் பொட்டு வைத்தார். அம்மா கட்டிக்கொண்டு வந்திருந்த கட்டுச்சோறு மூட்டைகள் மேசையில் திறக்காமலே இருந்தன, புளிசாதமும் தயிர்சாதமும். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள், நிறுத்தவில்லை.

வாசல்வரை நங்கை பின்னாலேயே வந்தார். அழுதுகொண்டிருந்தார். அவர்மேல் கோபம் இருந்தது, பாவமாகவும் இருந்தது, இரண்டும் ஒன்றாக இருப்பதை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் முழங்கையைத் தொடவந்து, தொடாமல், "தப்புத்தான், ஒத்துக்கறேன்" என்றார். பிறகு யாருக்கும் கேட்காத குரலில், நிஜமாகவே பயந்துபோன குரலில், "ஆனா அப்படியே பொறந்துருச்சுன்னா என்ன பண்ணுவே, சொல்லு?"

"பொறந்தா அதுக்கு நான் இருக்கறேனுங்க நங்கை. எனக்குத்தான் அப்படி ஒருத்தி இல்லாமப் போயிட்டா."

நவநீதன் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார், நான் குனிய முடியாத வயிற்றோடு செருப்பைத் தேடினேன்.